மீத்தேனைக் குறைக்கும் புளியங்கொட்டைத் தோல் பொடி: 450 ரூபாய்க்குத் தகுமா?

ஆந்திராவின் குப்பம் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வரும் பால் பணம்தான் சம்பளம். அந்த வீடுகளை நம்பி எங்கள் தீவனக் கடைக்கு ஒரு புதுப் பொருள் வந்திருக்கிறது. மாடு வெளிவிடும் மீத்தேன் வாயுவைக் குறைத்து, அதில் மிச்சமாகும் சத்தைப் பாலாக மாற்றும் தீவனப் பொடி என்று மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். 25 கிலோ மூட்டையின் விலை 450 ரூபாய். எங்கள் தொழுவத்தில் இருக்கும் ஆறு கறவைகளில் நான்கிற்கு இதைக் கோடையிலிருந்து மழைக்காலம் வரை கொடுத்து, இரண்டைப் பொடி இல்லாமல் விட்டு, பால் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. கீழே வரும் குறைகள் எங்கள் கைக்கு வந்த மூட்டைகளைப் பற்றியவை. வேறு ஊரில் விற்பது இதைவிட நன்றாகவே இருக்கலாம்.

முதலில் இந்தப் பொடி எங்கிருந்து வந்த யோசனை என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்தவுடன் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுபவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பெங்களூரு ஆடுகோடியில் 1995 முதல் இயங்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடற்செயலியல் நிறுவனம், புளியங்கொட்டைத் தோலில் நிறைந்திருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மாட்டின் மீத்தேனைக் குறைக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 'டாமரின் பிளஸ்' என்ற கலவையை உருவாக்கியது. அதன் தொடர்ச்சியாக, டானின் மிகுந்த உள்நாட்டுத் தாவரப் பொருள்களைக் கொண்டு செய்த 'ஹரித் தாரா' என்ற கலவையை 2021-இல் அறிவித்தது. அதைத் தின்ற மாடுகளிலும் ஆடுகளிலும் மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது என்றும், கிலோவுக்குச் சுமார் 6 ரூபாய்தான் செலவாகும் என்றும் அப்போது சொன்னார்கள். நான் வாங்கியது அந்த நிறுவனத்தின் பொருள் இல்லை. அதே வழியில் ஒரு தனியார் ஆலை அரைத்து விற்பது. எங்கள் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லாத சீமை. மாசி, பங்குனியில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். கொட்டை ஆலைக்குப் போகும். பருப்பு பசை மாவாகித் துணி ஆலைகளுக்குப் போனபின் தோல் கழிவாக நிற்கும். அந்தக் கழிவு மாட்டுத் தொட்டிக்கு வருவது வரவேற்க வேண்டிய காரியம்தான். ஆனால் கிலோ 6 ரூபாய் என்று ஆய்வாளர்கள் சொன்ன பொருளின் தம்பி கிலோ 18 ரூபாய்க்கு விற்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டு வாயு என்றதும் பின்பக்கத்தை நினைத்துச் சிரிப்பவர்கள் அதிகம். மீத்தேனின் மிகப் பெரும் பகுதி வாய் வழியாக, ஏப்பமாகத்தான் வெளியேறுகிறது. பசுவின் நான்கு அறை வயிற்றில் முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி. நம்மால் செரிக்க முடியாத வைக்கோலையும் தட்டையையும் அங்கே நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. அப்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அது அங்கேயே தேங்கினால் நொதித்தல் மந்தப்படும். ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிரிகள் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. ஆக, மீத்தேன் மாட்டின் நோய் இல்லை. வைக்கோலைப் பாலாக்கும் வேலையின் புகைபோக்கி என்று சொல்லலாம். ஹைட்ரஜனை அதிகம் உண்டாக்கும் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிர்களின் எண்ணிக்கையை டானின் குறைக்கிறது. ஹைட்ரஜன் வரத்துக் குறைவதால் மீத்தேனும் குறைகிறது. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை முதல் வயிற்றில் சிதையாமல் காத்து, புளிப்பு மிகுந்த நான்காம் வயிற்றில் விடுவிக்கிறது என்பது கூடுதல் நன்மை. அளவு மீறினால் இதே குணம் தீமையாகிவிடும்: தீனி குறையும், செரிமானம் கெடும்.

இனி மூட்டைக்கு வருவோம். பொடி கருஞ்சிவப்பாக, அரைத்த சீயக்காயைவிடச் சற்றுக் கரடாக இருக்கிறது. ஈரக் கையில் எடுத்தால் கடுந்தேநீர் நிறம் விரலில் ஒட்டி, சோப்புப் போட்டும் ஒரு வேளை கழித்துத்தான் போகிறது. வாசனை பெரிதாக இல்லை. நாக்கில் வைத்தால் வாழைப்பூவைப் பச்சையாக மென்றது போல் வாய் சுருங்குகிறது. மாட்டுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நாளைக்கு அரை கிலோ என்ற அளவை முதல் நாளே முழுதாகத் தவிட்டோடு கலந்து வைத்தபோது, எங்கள் மூத்த ஜெர்சிக் கலப்பு தவிட்டை மட்டும் நாக்கால் சுழற்றி எடுத்துக்கொண்டு, சிவப்பு வண்டலைத் தொட்டி அடியில் அப்படியே விட்டுவிட்டது. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் இரண்டும் முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டன. கால் கிலோவுக்கும் கீழே இறங்கி, கொள்ளுப் பொட்டு வேகவைத்த தண்ணீரில் முந்தின இரவே ஊற வைத்து, சிறிது வெல்லமும் கரைத்துக் கொடுத்தபின்தான் வழிக்கு வந்தன. முழு அளவுக்குக் கொண்டுபோக மூன்று வாரம் போல் ஆயிற்று. இப்படிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்ற குறிப்பு மூட்டையில் எங்கேயும் இல்லை. எழுத்து முழுவதும் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசினாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தெலுங்கு படிப்பார்கள், ஆகையால் அது பெரிய குறை இல்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி வட்டாரத்திலும் இதே மூட்டையை இறக்குகிறார்கள், அங்கே யாருக்கு இது உதவும்?

மூட்டையில் இருந்தே தீர வேண்டிய இன்னொரு எச்சரிக்கையும் இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அவற்றின் முதல் வயிறு இன்னும் முழுதாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. பெங்களூரு நிறுவனம் தன் கலவையைப் பற்றித் தெளிவாகச் சொன்ன விஷயம் இது. தாய்க்கு வைத்த தொட்டியில் கன்று வாய் வைப்பது எந்த வீட்டில்தான் நடக்காது?

பால் விஷயம். பொடியைக் கொண்டுவந்த விற்பனையாளர், எங்கள் ஊர்ப் பையன்தான், "நாளைக்கு ரெண்டு லிட்டர் கூடும்ணா, நான் கேரண்டி" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் இரண்டு லிட்டர் கூடாது, கூடவே முடியாது என்பதைத் தாளும் பேனாவும் இருந்தால் யாரும் கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இனி எந்தப் பெயரில் எந்த மீத்தேன் பொடி வந்தாலும் இதே உரைகல் போதும்.

கறவையில் இருக்கும் ஒரு பசுவோ எருமையோ நாளைக்குச் சுமார் 200 லிட்டர் மீத்தேன் வெளிவிடுகிறது என்பது பெங்களூரு நிறுவனம் இந்திய மாடுகளுக்குக் கொடுத்த மதிப்பு. மீத்தேன் எரியும் வாயு. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 கிலோ கலோரி சக்தி இருக்கிறது. ஆக ஒரு மாடு நாளைக்கு 1,800 கிலோ கலோரியை வெறும் ஏப்பமாக விடுகிறது. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள அளவு சக்தியை ஒரே மாடு மூன்று மாதத்துக்குள் காற்றில் விட்டுவிடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட தீனியின் சக்தி அது. இதுவரை மூட்டையின் வாதம் சரிதான். பொடி வாக்குக் கொடுத்தபடி ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால், மிச்சமாவது 360 கிலோ கலோரி. ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது 650 முதல் 700 கிலோ கலோரி. மிச்சமான சக்தி ஒரு துளியும் வீணாகாமல் பாலானால்கூட அரை லிட்டர்தான் வரும். உடம்பு எந்தச் சக்தியையும் அப்படி முழுதாகப் பாலாக்குவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெப்பமாகப் போய்விடும். எனவே மிக நல்ல நிலையில் நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடலாம். மாடு மெலிந்திருந்தால் அந்தச் சக்தி முதலில் அதன் முதுகில் சதையாகத்தான் ஏறும், தூக்குவாளிக்கு வராது.

எங்கள் தொழுவத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. பொடி தின்ற நான்கில் இரண்டு மாடுகள் வேளைக்கு ஒரு சிறு டம்ளர் அளவு கூடுதலாகக் கறந்தன. மூன்றாவதில் மாற்றமே இல்லை. நான்காவது சினை முதிர்ந்து தானாகவே பால் வற்றிக்கொண்டிருந்தது, அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. கூடிய இரண்டும்கூட மழை பெய்து கொல்லையில் பசும்புல் தலையெடுத்த பிறகுதான் கூடின. பொடி தின்னாத இரண்டில் ஒன்றும் அதே காலத்தில் சற்றுக் கூட்டிக் கறந்தது. ஆகவே அந்த டம்ளர் பாலில் எவ்வளவு பொடியுடையது, எவ்வளவு மழையுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டானின் கொடுத்தால் ஃபேட், அதாவது பாலின் கொழுப்பு, இறங்கிவிடும் என்று பால் சங்கத்தில் சிலர் பயமுறுத்தினார்கள். எங்கள் பாலில் ஃபேட்டும், கொழுப்பு நீங்கலான திடச்சத்தான எஸ்.என்.எஃப்.-உம் முன்பு ஆடிய இடத்திலேயே ஆடின. சாணம் சற்று இறுகிக் கறுத்தது; மற்றபடி வயிற்று உப்புசமோ கழிச்சலோ எதுவும் இல்லை. எங்கள் மாடுகளுக்குப் பொருளால் கெடுதல் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

செலவைப் பார்த்தால், நாளைக்கு அரை கிலோ என்றால் 9 ரூபாய். பால் லிட்டர் 36 ரூபாய்க்குப் போகும்போது, மூன்றில் ஒரு பங்கு லிட்டர் முழுதாகக் கூடினாலும் வருவது 12 ரூபாய். மாட்டுக்கு நாளைக்கு 3 ரூபாய் லாபம், அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால். ஊற வைக்கும் வெல்லத்தைச் சேர்த்தால் அதுவும் கரைந்துவிடுகிறது.

அப்படியானால் மீத்தேன் குறைந்ததா? மூட்டையின் முதல் வாக்குறுதியே அதுதான், ஆனால் அதை ஒரு விவசாயி தன் தொழுவத்தில் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. ஆய்வு நிலையங்களில் மாட்டை அடைத்த அறைக்குள் நிறுத்தி அது விடும் மூச்சை அளக்கிறார்கள். அல்லது கழுத்தில் ஒரு குப்பியைக் கட்டி, மூக்கருகே மெல்லிய குழாய் வைத்து, வயிற்றுக்குள் முன்பே செலுத்திய வேறொரு வாயுவின் அளவோடு ஒப்பிட்டு மீத்தேனைக் கணக்கிடுகிறார்கள். நமக்கு இருப்பது ஏப்பச் சத்தம் மட்டும்தான். ஆகவே பரிசோதனைச் சான்று கேட்டேன். ஆலையிலிருந்து பல முறை கேட்டபின் ஒரு நகல் வந்தது. அது வேறு கலவையின் மேல், வேறு யாரோ செய்த ஆய்வின் முடிவு. இந்த மூட்டையில் டானின் எத்தனை சதவீதம் என்ற ஒரே ஒரு எண்ணை யாரும் தரவில்லை. நான்காவதாக வாங்கிய மூட்டையில் பொடிக்கு நடுவே அரைபடாத தோல் சில்லுகள் நிறைய இருந்தன, நிறமும் வெளுத்திருந்தது. டானின் அளவு தெரியாத பொருளில் இது சில்லறைக் குறை இல்லை. குறைவாக இருந்தால் பணம் வீண், கூடுதலாக இருந்தால் மாட்டுக்குத் தீனி குறையும். ஆட்டுக்கு இந்தக் கவலை குறைவு. கருவேலங்காயையும் துவர்ப்புத் தழையையும் மேய்ந்தே பழகிய வெள்ளாட்டின் உமிழ்நீரில் டானினைக் கட்டிவைக்கும் புரதங்கள் இருக்கின்றன. பசுவுக்கு அந்த வசதி போதாது.

வெளிநாட்டில் இதைவிட வீரியமானவை இருக்கின்றன என்று படித்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். 'போவர்' என்ற பெயரில் விற்கும் செயற்கைப் பொருளைக் கறவை மாட்டுக்கு நாளைக்குக் கால் தேக்கரண்டி கொடுத்தால் மீத்தேன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலும் அமெரிக்கா 2024-இலும் அதை அனுமதித்தன. ஆனால் அது சில மணி நேரத்தில் வயிற்றுக்குள் சிதைந்துவிடும், எனவே நாள் முழுதும் தின்னும் கலவைத் தீனியில் கலந்திருக்க வேண்டும். காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டு, கறக்கும் நேரத்தில் மட்டும் தொட்டி காட்டும் நம் முறைக்கு அது ஒத்துவராது. சிவப்புக் கடற்பாசி ஒன்றைச் சிறிதளவு சேர்த்து 80 சதவீதத்துக்கு மேல் குறைத்த ஆய்வும் கலிபோர்னியாவில் இறைச்சிக் காளைகளில் நடந்திருக்கிறது. அதில் வேலை செய்யும் புரோமோஃபார்ம் என்ற பொருளைப் பற்றிய பாதுகாப்புக் கேள்விகள் இன்னும் ஓயவில்லை. இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் நம் புளியங்கொட்டைத் தோல் சாதுவான பொருள். பலனும் அதற்கேற்ற அளவுதான்.

என் மனத்தில் பதிந்தது வேறொன்று. பொடி விற்க வந்த ஆலையின் ஆள், கூடவே ஒரு கால்நடை ஊட்டச்சத்து ஆலோசகரையும் ஒரு நாள் ஊருக்கு அழைத்து வந்திருந்தார். அவர் பொடியைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். ஒவ்வொரு வீட்டிலும் மாட்டின் எடையை நெஞ்சுச் சுற்றளவை வைத்துக் கணக்கிட்டு, வைக்கோல் எவ்வளவு, தவிடு எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, பால் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு, தீனியை மாற்றிச் சொன்னார். எங்கள் மாடுகளுக்குத் தவிடு தேவைக்கு மேல் போகிறது, புரதம் போதவில்லை, தாது உப்புக் கலவை அறவே இல்லை என்றார். தவிட்டைக் குறைத்து, நெல் வைக்கோலில் பாதிக்குப் பதில் கடலைக்கொடி போட்டு, கடலைப் புண்ணாக்கையும் நாளைக்கு 50 கிராம் தாது உப்பையும் சேர்க்கச் சொன்னார். பொடி தின்னாத இரண்டு மாடுகளில் ஒன்று கூட்டிக் கறந்தது என்று மேலே சொன்னேனே, அதற்கு மழை மட்டும் காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதுவும் மீத்தேன் விஷயமே. நார் மட்டும் நிறைந்த வைக்கோலைத் தின்னும் மாட்டின் வயிற்றில்தான் மீத்தேனுக்கு ஏதுவான நொதித்தல் அதிகம். அதைவிட முக்கியம், லிட்டர் கணக்கு. நாளைக்கு 5 லிட்டர் கறக்கும் மாடு 200 லிட்டர் மீத்தேன் விட்டால், லிட்டர் பாலுக்கு 40 லிட்டர் வாயு. 10 லிட்டர் கறக்கும் மாடு கூடுதலாகத் தின்று 250 லிட்டர் விட்டாலும் லிட்டருக்கு 25 தான். தேசிய பால்வள வாரியம் 2011-12-இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஊர் ஊராக நடத்திய சமச்சீர் தீவனத் திட்டம் இதே வேலையைத்தான் செய்தது. தீனிச் செலவு குறைந்தது, பால் கூடியது, லிட்டருக்கான மீத்தேனும் குறைந்தது. இதற்கு மூட்டை எதுவும் வாங்க வேண்டாம். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட இ-கோபாலா செயலியிலும் தீனி ஆலோசனை இருக்கிறது.

சினை பிடிக்காத மாட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். சினை ஊசி போட்டும் நிற்காமல், அடுத்த பருவம் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போகும் மாடு ஒரு சொட்டுப் பால் தராமல் தினமும் ஏப்பம் விட்டுக்கொண்டே இருக்கிறது. வற்றிய மாடு கறவையைவிடக் குறைவாக, நாளைக்கு 130 லிட்டர்தான் விடும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மாதத்துக்கு 3,900 லிட்டர். பொடி நாளைக்கு மிச்சப்படுத்துவது 40 லிட்டர். ஆக, ஒரு மாடு ஒரு மாதம் முன்னதாகச் சினை பிடிப்பதும், இந்தப் பொடியை மூன்று மாதத்துக்கு மேல் கொடுப்பதும் வாயுக் கணக்கில் ஒன்றே. தாது உப்பு அந்த ஒரு மாதத்தைச் சம்பாதித்துத் தரவும் கூடும். பக்கத்தில் புங்கனூர்க் குட்டைப் பசு இருக்கும்போது எதற்கு இந்தத் தொல்லையெல்லாம் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது குறைவாகத் தின்று குறைவாக வாயு விடும், சரி. குறைவாகவே கறக்கவும் செய்யும். இப்போது அதற்குக் கேட்கிற விலைக்கு எங்கள் ஊரில் பத்து சென்ட் நிலமே கிடைக்கும்.

பொடியை வாங்கிப் பார்க்கும்படி எதிர்வீட்டு அக்காவிடம் ஆலைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். காற்று மண்டலம் சூடேறுவதையும், மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பதையும், ஆனால் பன்னிரண்டு ஆண்டு போல்தான் காற்றில் தங்கும் என்பதால் இன்று குறைத்தால் சீக்கிரம் பலன் தெரியும் என்பதையும் நன்றாகவே விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "சரிப்பா, ஊருக்கே நல்லது. என் மாடு ஏப்பம் விடாததுக்கு ஊர் எனக்கு என்ன குடுக்கும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, விடையும் கணக்கில் இருக்கிறது. நாளைக்கு 40 லிட்டர் மீத்தேன் என்றால் எடையில் 28 கிராம். ஆண்டுக்குப் பத்து கிலோ. கரியமில வாயுக் கணக்கில் 270 கிலோ போல. வாயுவைக் குறைத்ததற்குப் பணம் தரும் கார்பன் சந்தையில் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தாலும் மாட்டுக்கு ஆண்டுக்கு 270 ரூபாய்தான் வரும். பொடியின் செலவோ ஆண்டுக்கு மூவாயிரத்துக்கு மேல். டென்மார்க் 2030 முதல் கால்நடை வாயுவுக்கு வரி போடப்போகிறது. அங்கே பொடி வாங்குவது வரியைக் குறைக்கும் வழி. இந்தியா, 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021-இல் பல நாடுகள் சேர்ந்து எடுத்த உறுதிமொழியில் சேரவில்லை. இரண்டு மாடு மூன்று மாடு வைத்துப் பிழைப்பவர்கள் மேல் அந்தச் சுமை வரக் கூடாது என்ற நிலையை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 கணக்கெடுப்பின்படி 19 கோடிக்கு மேல் மாடும் 11 கோடி போல் எருமையும் இருக்கும் நாட்டில், இந்தப் பொடியை ஊருக்கு நல்லது என்று விற்றுவிட்டு விலையை மட்டும் மாட்டுக்காரர் தலையில் கட்டுவது சரியில்லை. பால் சங்கங்கள் கலப்புத் தீவனத்திலேயே அளவாகச் சேர்த்து, கூடுதல் செலவை அரசோ பால் நிறுவனமோ ஏற்றால் மட்டுமே இது பெரிய அளவில் நடக்கும். அப்போது அக்கா தனியாக ஊற வைக்கவும் வேண்டாம், வெல்லம் கரைக்கவும் வேண்டாம்.

இப்போதைக்கு யார் வாங்கலாம்? பசுந்தீவனம், தாது உப்பு, புண்ணாக்கு எல்லாம் ஏற்கெனவே சரியாகக் கொடுத்து, 10 லிட்டருக்கு மேல் கறக்கும் மாடு வைத்திருப்பவர், கிலோ 10 ரூபாய்க்குள் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். 18 ரூபாய்க்குப் பரிந்துரைக்க மாட்டேன். வைக்கோலும் தவிடுமாக ஓட்டுபவர் அந்த 450 ரூபாயை முதலில் தாது உப்புக்கும் கடலைக்கொடிக்கும் போடட்டும். நான் எங்கள் தொழுவத்தில் நன்றாகக் கறக்கும் இரண்டு எச்.எஃப். மாடுகளுக்கு மட்டும், அளவைக் குறைத்து, கையிருப்பு தீரும்வரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். டானின் சதவீதத்தை அச்சிட்ட மூட்டை வந்தால்தான் மறுபடி வாங்குவேன். வாங்குபவர்கள் கடையிலேயே மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துச் சலித்துப் பாருங்கள், சில்லு நின்றால் திருப்பிக் கொடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை இல்லாத சாக்கு என்பதால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாக உறைந்துவிடுகிறது. மூடியுள்ள டிரம்மில் கொட்டி வைப்பது நல்லது.